குதிரைக்கடியில் ஆறு

அந்த வருடம் ஜூன் மாதத்து முதல் வெள்ளம் வெயிலில் வந்தது. மேற்கே மலையில் மழை கொட்டியிருக்கிறது. எங்கள் ஊர் எல் வாதோவில் ஒரு சொட்டு விழவில்லை. பெண்கள் ஆற்றங்கரைக் கற்களில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார்கள். துறையில் முழங்கால் ஆழம்தான் என்று நம்பி, முதுகில் பெட்டியோடு இறங்கிய தன்னூஸ் பாதி ஆற்றில் இருக்கும்போது செந்தண்ணீர் ஆள் உயரத்துக்கு வந்து அவனை அள்ளிக்கொண்டு போனது. துணி உலர்த்தியவர்கள் பார்த்தது பெட்டியைத்தான். அது இரண்டு முறை புரண்டது. ரிப்பன்கள் மஞ்சளும் பச்சையுமாகத் தண்ணீரில் கொஞ்ச தூரம் ஓடின. பிறகு அதுவும் இல்லை.

தன்னூஸை ஊரில் 'அராபி' என்றுதான் சொல்வோம். கடலுக்கு அப்பால் ஏதோ மலைநாட்டிலிருந்து கப்பலில் வேராகுருஸ் துறைமுகத்தில் வந்து இறங்கி, ஊசி, நூல், சீப்பு, கண்ணாடி, மாதா சுரூபம் எல்லாம் பெட்டியில் போட்டு வீடு வீடாக விற்றுக்கொண்டு நான்கு வருடமாக எங்கள் பக்கம் நடந்துகொண்டிருந்தான். தானும் ஞானஸ்நானம் பெற்றவன்தான், தன் மாமா குருவானவர் என்று சொல்வான். அவன் செபம் சொல்வது வாய் கொப்பளிப்பது போல் இருந்ததால் யாரும் முழுதாக நம்பவில்லை. பேச்சில் மரியாதை அவனுக்குப் பிடிபடவே இல்லை. கோயில் சபைத் தலைவரை 'நீ' என்பான், கழுதையை 'நீங்க' என்பான்.

அவன் கரை ஏறியது கால் காதம் கீழே, பெரிய சபீனோ மரத்தின் வேர்கள் ஆற்றுக்குள் இறங்கியிருக்கும் வளைவில். ஒரு வெள்ளைக் குதிரையின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தான். குதிரை உடம்பை உதறிவிட்டு மேய்ந்துகொண்டே போய்விட்டது. அங்கே கூடைக்கு வில்லோ குச்சி வெட்டிக்கொண்டிருந்த எலாதியோ, அவனைத் தோளில் போட்டுக்கொண்டு தன் அக்கா வீட்டுக்கு வந்தான்.

"உசுரு இருக்கா?" என்றாள் கசியானா. கையில் தூரிகை இருந்தது.

"இருக்குக்கா. ஆத்துல பாதி இவன் வயித்துலதான் இருக்கு."

"கவுத்துப் போடு. அந்தத் தகடுங்க மேல இல்ல, இந்தப் பக்கம்."

நான் பக்கத்து வீடு. கோயில் எதிரில் உட்கார்ந்து கடிதம் எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. பெயர் லிப்ராதோ, மரியாதைக்குத் 'தோன்' சேர்த்துக் கூப்பிடுவார்கள். சத்தம் கேட்டுப் போனபோது, அராபி சமையலறைத் தரையில் கிடந்து சேறும் தண்ணீருமாகக் கக்கிக்கொண்டிருந்தான். கண்ணைத் திறந்ததும் கசியானாவைப் பார்த்து, "நீ யாரு?" என்றான். பிறகு முகத்தருகில் வந்து மோந்து பார்த்த நாயிடம், "நீங்க கடிப்பீங்களா?" என்றான்.

கசியானா சிரித்துவிட்டாள். "பொழைச்சுக்குவான்," என்று சோளக்கஞ்சியை அடுப்பில் வைத்தாள்.

அவளுக்கு அப்போது வயது நாற்பத்தொன்று. கழுதை ஓட்டிக்கொண்டிருந்த புருஷன் விஷக்காய்ச்சலில் போய் ஆறு வருடம். தகரத்தில் எங்கள் ஊர்ப் புனிதர் சந்தியாகப்பரை வரைவது அவள் அப்பாவிடமிருந்து வந்தது. மூன்று நாள் நடை தூரத்துக்குள் அவள் வரைந்த சந்தியாகப்பர் இல்லாத வீடு கிடையாது. முன்னங்கால் தூக்கிய வெள்ளைக் குதிரை, சிப்பி குத்திய தொப்பி, ஓங்கிய வாள், குளம்புக்கடியில் தலைப்பாகையோடு விழுந்து கிடக்கும் மோரோ, அதாவது புனிதர் போரில் வென்ற முஸ்லிம் வீரன். ஒரே நேரத்தில் பன்னிரண்டு தகடு வரிசையாக நிறுத்தி, பன்னிரண்டு குதிரைக்கும் ஒரே மூச்சில் கண் வைப்பாள். அடுத்த ஊரில் ஆண் ஓவியர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்கள் குதிரையைப் பார்த்து, "ஆடு நல்லா இருக்கு" என்பாள். தகடு வெட்டுவது தம்பி எலாதியோ. ரயிலில் வரும் தகரத்தைக் கத்தரித்து, ஓரம் தட்டி, சாம்பல் தண்ணீரில் எண்ணெய்ப்பிசுக்குப் போகக் கழுவி, செங்காவியை ஆளிவிதை எண்ணெயில் குழைத்து முதல் பூச்சு பூசித் தருவான். புனிதர் செய்த உதவிக்கு நன்றியாகக் கோயிலில் மாட்டும் நேர்ச்சைத் தகடென்றால் அடியில் வாசகம் வேண்டும். அதை நான் தாளில் எழுதித் தருவேன். கசியானாவுக்குப் படிக்கத் தெரியாது. எழுத்தையும் குதிரைக் கால் போலவே பார்த்துப் பார்த்து வரைவாள்.

அராபி சாயப் பொருள்கள் வைக்கும் கொட்டகையில் படுத்தான். மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்து, கேட்காமலே தகடு கழுவ ஆரம்பித்தான். நன்றாகவே கழுவினான். மத்தியானம் ரொட்டியும் மிளகாயும் வதக்கிய கள்ளித் துண்டும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, சுவரோரம் காய வைத்த வரிசைக்கு எதிரே போய்க் குந்தினான்.

"இது யாரு?"

"சந்தியாகப்பர்," என்றாள் கசியானா.

"அது தெரியும். கீழ கிடக்குறது?"

"மோரோ."

"எந்த ஊரு?"

"கடலுக்கு அந்தப் பக்கம். நீ வந்த பக்கந்தான்."

வரிசை முழுக்க ஒவ்வொன்றாகப் பார்த்தான். "பன்னெண்டும் எங்க மாமா மாதிரியே இருக்கு."

"எந்த மாமா?"

"குருவானவரா இருக்காரே, அவருதான். இந்தத் தாடி, இந்த மூக்கு. பூசைக்குப் போறப்ப இப்படித்தான் தலையில கட்டிக்குவாரு."

எலாதியோவுக்குப் புரையேறிவிட்டது. கசியானா மட்டும் சிரிக்கவில்லை. "தாடி சீட்டுக்கட்டு ராஜாவோடது. தலைப்பாகை கறிக்கடை நபோரோடது. திருநாள் ஆட்டத்துல அவருதான் மோரோ ராஜா. உன் மாமாவை நான் எங்க பாத்தேன்?"

"நெஜ மோரோவைப் பாத்திருக்கியா நீ?"

"இல்ல."

"நான் பாத்திருக்கேன். எங்களுக்குப் பக்கத்து ஊர்ல இருந்தாங்க. ஒருத்தரு எனக்குப் பல்லு புடுங்கினாரு. வலிக்காம புடுங்கினாரு."

ரொட்டியை மடித்து மிச்சத்தை வாயில் போட்டுக்கொண்டு சொன்னான்: "ஆத்துல போறப்ப நான் இவரைத்தான் கூப்பிட்டேன். எங்க பாஷையில இவரு பேரு யாக்கூப். ரெண்டு தடவை கூப்பிட்டேன். மூணாவது தடவைக்கு வாயில தண்ணி. கையில வாலு. எனக்கு ஒரு நேர்ச்சைத் தகடு வேணும். கோயில்ல மாட்டணும். ஆனா மாமாவைக் குதிரைக்கடியில போடாதே."

இரண்டு நாள் அவள் மற்ற தகடுகளையே வரைந்துகொண்டிருந்தாள். மூன்றாம் நாள் காலை ரொட்டி தட்டிக்கொண்டே கேட்டாள்: "அப்ப உன் காலுக்குக் கீழ என்ன இருந்துச்சு?"

"தண்ணி."

"அப்ப தண்ணியைத்தான் வரையணும்."

எலாதியோ கத்தரியைக் கீழே வைத்தான். "என்னக்கா பேசுற? மோரோவை மிதிச்சாத்தான் சந்தியாகப்பர். தண்ணியை மிதிச்சா, ஜெயிச்சது அவருன்னு எப்படித் தெரியும்?"

"இந்தா இவன் உக்காந்து ரொட்டி தின்னுட்டிருக்கான்ல, அதுல தெரியும்."

கசியானா அதுவரை வரைந்த தண்ணீரெல்லாம் ஓரத்தில் ஒரு நீலக்கோடு. இப்போது தினமும் காலையில் முக்காட்டைப் போர்த்திக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனாள். மழைக்காலம் பிடித்துவிட்டது. ஆறு மரக்கிளைகளையும் செத்த ஆட்டையும் உருட்டிக்கொண்டு ஓடியது. துறைக்குக் கீழே பாறையில் மோதித் திரும்பும் சுழி, அதற்கப்பால் வழவழவென்று எதுவும் நடக்காதது போல ஓடும் இடம், வேர்களில் நுரை தேங்கும் இடம் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வீட்டுக்கு வந்து செங்காவியில் விளக்குக்கரியும் கொஞ்சம் ஈயவெள்ளையும் கலப்பாள். பிடிக்காது, வழித்துப் போடுவாள். பத்து நாள் இப்படி. ஈரக்காற்றில் எண்ணெய் காயவில்லை. தகட்டை ரொட்டி அடுப்பின் வெதுவெதுப்பான மண்சுவர்மேல் சாய்த்து வைத்திருந்தாள். தெருவெல்லாம் ஆளிவிதை எண்ணெய் வாசனை.

வாசகம் எழுத என்னைக் கூப்பிட்டார்கள். "புனித சந்தியாகப்பர் தம் வெள்ளைக் குதிரையில் வந்து..." என்று ஆரம்பித்தேன்.

"அது பண்ணையாரோட பெட்டைக்குதிரை," என்றான் எலாதியோ. "மறுநாளே ஆளு வந்து தேடிப் புடிச்சுட்டுப் போனான். அதுக்கு மணியும் கட்டியிருந்துச்சு."

"நான் வாலைத்தான் புடிச்சேன்," என்றான் அராபி. "மத்ததை விசாரிக்கல."

"'ஒரு வெள்ளைக் குதிரை'ன்னு போடுங்க தோன் லிப்ராதோ," என்றாள் கசியானா. "அது யாரோடதுன்னு அவங்கவங்க முடிவு பண்ணிக்கட்டும்."

தகடு முடிந்தது. நான் அவளுடைய எத்தனையோ தகடுகளுக்கு எழுதியிருக்கிறேன். இதற்கு முன்னால் நின்றபோது மட்டும் காலை நகர்த்திக்கொண்டேன், நனைந்துவிடும் போல. குதிரை மார்பளவு செந்தண்ணீரில். சந்தியாகப்பர் சேணத்திலிருந்து பாதி உடம்பைச் சாய்த்து, கீழே கையை நீட்டி, அராபியின் சட்டைக் கழுத்தைப் பிடித்துத் தூக்குகிறார். வாள் உறையில் கிடந்தது. சற்றுத் தள்ளிப் பெட்டி திறந்துகொண்டு ரிப்பன்கள் மிதக்கின்றன.

திருநாள் ஜூலை இருபத்தைந்து. அதற்கு ஒரு வாரம் முன்பு, சபை கேட்டிருந்த முப்பது சின்னத் தகடுகளோடு இதையும் சபைத் தலைவர் புரோகுலோ கடைக்குக் கசியானாவும் அராபியும் நானும் எடுத்துப் போனோம். புரோகுலோ உப்பும் மெழுகுதிரியும் விற்பவர். உயரமான மனிதர், அதிகம் பேசமாட்டார். கோயில் சாவி அவர் இடுப்பில்தான் இருக்கும். நேர்ச்சைச் சுவரில் எது தொங்கலாம், திருநாளன்று கோயில் முகப்பில் யார் மேசை போட்டு விற்கலாம் என்பதெல்லாம் அவர் சொன்னபடி.

முப்பது தகடுகளையும் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். பிறகு அராபியின் தகட்டைக் கசியானா துணி விலக்கிக் காட்டினாள். அவர் வாங்கி வெளிச்சத்துக்குத் திருப்பினார். நெடுநேரம் பார்த்தார். அப்புறம் உப்புமூட்டைமேல் அதைக் குப்புற வைத்தார்.

"இது சந்தியாகப்பர் இல்ல."

"வேற யாராம்?" என்றாள் கசியானா.

"மோரோ எங்க?"

"அன்னிக்கு மோரோ வரல. தண்ணிதான் வந்துச்சு."

"கையில வாளு இல்ல."

"ஒரு கையில கடிவாளம், ஒரு கையில ஆளு. மூணாவது கை அவருக்குக் கிடையாது தோன் புரோகுலோ."

"பெட்டைக்குதிரைன்னு ஊரே பேசுது. புனிதரு பெட்டைக்குதிரையிலயா வருவாரு?"

"அவசரத்துக்கு எது கிடைச்சுதோ," என்றான் அராபி. "நீ நல்லாப் பாரு. நான் நெஜமாவே செத்துட்டிருந்தேன். இவரு வந்தாரு."

புரோகுலோவின் முகம் இறுகியது. அது அந்த 'நீ'க்காக என்றுதான் நான் அப்போது நினைத்தேன்.

"தண்ணியை அழிச்சுட்டு மோரோவைப் போட்டுக் கொண்டா, மாட்டுறேன்," என்றார் கசியானாவிடம். "இல்லேன்னா இந்த வருஷம் முகப்புல உனக்கு மேசை கிடையாது."

"இந்த முப்பது?"

"அது சபையோடது. அதுல மோரோ இருக்கு."

அவள் தகட்டைத் துணியில் சுற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தாள். வீடு வரைக்கும் வேகமாக நடந்தாள். வீட்டில் விஷயம் கேட்டதும் எலாதியோ பேசினான்.

"வருஷம் பூரா வரைஞ்சு அடுக்குறது அந்த ஒரு நாளைக்குத்தான். முகப்புல மேசை இல்லேன்னா இத்தனையையும் யாரு வாங்குவா? நாயா வாங்கும்? ஒரு தலைப்பாகை போடுறதுக்கு உனக்கு எவ்வளவு நேரமாகும்?"

"அரை நாழி."

"அப்ப போடு."

"மாட்டேன்."

"யாருக்காக? பெட்டி கூட இல்லாத ஒருத்தனுக்காகவா?" கத்தரியையும் சுத்தியலையும் சாக்கில் போட்டான். "இரப்புவாத்தோவுல பெரியப்பா மகன் பட்டறை வெச்சிருக்கான். அங்க வாளி செஞ்சு பொழைச்சுக்கிறேன். வாளிக்கு யாரும் வாசகம் கேக்க மாட்டான்."

போயேவிட்டான். கசியானா வாசல்வரை போய்ப் பார்த்துவிட்டு வந்து அடுப்பில் விறகைத் தள்ளினாள். அராபி தகடு கழுவும் தொட்டியை விட்டு எழுந்திருக்கவில்லை. நான் எங்கள் மதில்சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தேன். ஒட்டுக்கேட்கவில்லை, காதில் விழுந்தது.

"மாமாவைப் போட்டுடு," என்றான். "அவரு கோவிச்சுக்க மாட்டாரு. தூரத்துல இருக்காரு."

"உன் மாமாவுக்காக இல்ல. அந்த ஆத்தைப் பத்து நாள் பாத்து வரைஞ்சிருக்கேன். இந்த இடம் தப்புன்னு காட்டட்டும், அழிக்கிறேன். சரியா இருக்கிறதை அழிக்கிற பழக்கம் எனக்கில்ல."

"அப்ப நான் போயிடறேன். நான் போனா தம்பி வந்துருவான்."

"எங்க போவே?"

"பெட்டி வாங்கிட்டு நடக்க வேண்டியதுதான்."

"வாங்கு. நட. சனிக்கெழமை வீட்டுக்கு வந்துரு. நடக்கிற மனுஷனுக்கும் திரும்பி வர ஒரு வீடு வேணும்ல. எனக்கும் பேச்சுத்துணை வேணும். அவசரத்துல சொல்லல, ஒரு வாரமா யோசிச்சுத்தான் சொல்றேன்."

தொட்டியில் தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"நீங்க..." என்று ஆரம்பித்தான் அராபி. அதற்கு மேல் வரவில்லை. ஒரு மனுஷருக்கு அவன் அந்த வார்த்தையைச் சரியாகச் சொன்னது அன்றுதான்.

திருநாளன்று கோயில் முகப்பில் மெழுகுபொம்மைக்காரிகளும் இனிப்புக்காரர்களும் மேசை போட்டிருந்தார்கள். கசியானா தன் மேசையைத் துறைக்குத் தூக்கிக்கொண்டு போனாள். ஒரு முனையை அராபி, மறு முனையை நான். அக்கரை ஊர்க்காரர்கள் ஓடத்தில் வந்து இறங்கும் இடம் அது. "கோயிலுக்குப் போறவங்க என்னைத் தாண்டித்தானே போகணும்," என்றாள். மரத்தடியில் தகடுகளைச் சாத்தி, நடுவில் அராபியின் தகட்டை வைத்தாள்.

முதலில் இறங்கிய கூட்டத்தில் ஒருத்தி கைக்குழந்தையோடு நின்றாள். மோரோ தகடுகளைத் தாண்டி அவள் பார்வை நடுவில் நின்றது.

"இது நம்ம ஆறுதானே?"

"ஆமா."

அவள் விரலை நீட்டி, தொடாமல், சுழியைக் காட்டினாள். "எங்கப்பனை இந்த எடத்துலதான் கொண்டுபோச்சு. இப்படித்தான் திரும்பும் தண்ணி, இப்படியேதான்." பின்னால் வந்தவளை இழுத்துக் காட்டினாள். அவள் வேறொருத்தியைக் கூப்பிட்டாள். கொஞ்ச நேரத்தில் மேசையைச் சுற்றி இடமில்லை. எந்த வருடம், எந்த மாடு, யாருடைய அண்ணன் என்று பேச்சு. ஒரு கிழவர் சொன்னார்: "எழுபது வயசாச்சு எனக்கு. ஒரு மோரோவும் என்னை ஒண்ணும் பண்ணினதில்ல. இந்த ஆறுதான் என் ரெண்டு தம்பியைத் தின்னுடுச்சு." மேசையில் இருந்த மற்ற தகடுகளும் மத்தியானத்துக்குள் போய்விட்டன. இதே மாதிரி ஆற்றுப்படம் வேண்டுமென்று ஐந்து பேர் சொல்லிவிட்டுப் போனார்கள்.

வெயில் ஏறியதும் நபோர் வந்தார். கண்ணாடித் துண்டுகள் பதித்த தலைப்பாகை, சிவப்பு அங்கி, அதை முட்டிக்கொண்டு தொப்பை. காலை ஆட்டம் முடிந்து செத்துப்போய் வந்திருந்தார்.

"பதினஞ்சு வருஷமா இந்த ஊருக்காக வருஷத்துக்கு ரெண்டு தடவை சாகுறேன். ஒரு வாய் கள்ளு கொடுக்க ஆளில்ல," என்று உட்கார்ந்தார். அராபி கற்றாழைக்கள் கொண்டுவந்து கொடுத்தான். நபோர் குடித்துவிட்டு, மீசையைத் துடைத்துக்கொண்டு, நடுத்தகட்டைப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

"கசியானா, இதை தோன் புரோகுலோ முன்னால நீட்டுறப்ப, அபுந்தியோவை நெனச்சியா?"

அவள் கை அப்படியே நின்றது.

எங்களுக்குத் தெரியாத செய்தியில்லை. ஒன்பது வருடத்துக்கு முன் புரோகுலோவின் ஒரே மகன் அபுந்தியோ, பத்தொன்பது வயது, உப்புக்கழுதைகளை ஓட்டிக்கொண்டு இதே துறையில் இறங்கியவன். மூன்றாம் நாள் உடல் கிடைத்தது. அதற்குப் பிறகு புரோகுலோ அக்கரைக்குப் போவதென்றால் அரை நாள் சுற்றிப் பாலம் வழியாகத்தான் போவார். ஆற்றுத்தெருவிலேயே கால் வைக்கமாட்டார். ஊரில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் நாங்கள் மூன்று பேரும் அந்தத் தகட்டை அவர் கையில் கொண்டுபோய்க் கொடுத்தோம். வாசகம் எழுதிய எனக்கும் தோன்றவில்லை.

"உடம்பைத் தூக்கினது நாந்தான்," என்றார் நபோர். "அதுக்கு முன்னால கரையில நின்னு அவரு கத்தினதைக் கேட்டவனும் நாந்தான். இதே சந்தியாகப்பர் பேரைச் சொல்லித்தான் கத்துனாரு. ரெண்டு தடவை மூணு தடவையில்ல. தொண்டையில ரத்தம் வர வரைக்கும்."

அராபி குனிந்து தகட்டை எடுத்து, படம் உள்பக்கமாகத் தன் மார்போடு வைத்துக்கொண்டான்.

கசியானா ஆற்றின் பக்கம் திரும்பினாள். "வரைஞ்சது தப்பில்ல," என்றாள். "கொண்டுபோய்க் காட்டின விதம் தப்பு." முக்காட்டைச் சரிசெய்துகொண்டு மேசையை எங்களிடம் விட்டுவிட்டு ஊருக்குள் நடந்தாள்.

புரோகுலோ ஊர்வலம் முடிந்து கடைக்கதவைத் திறந்துகொண்டிருந்தாராம். இவள் வாசலிலேயே நின்று சொல்லியிருக்கிறாள்: "தோன் புரோகுலோ, அன்னிக்கு உங்க மகன் நெனப்பு எனக்கு வரல. வந்திருக்கணும். அதுக்கு மன்னிப்புக் கேக்குறேன். படத்தை அழிக்க மாட்டேன். ஆனா சுவரும் கேக்க மாட்டேன். அது என் வீட்டுல இருக்கட்டும்." அவர் சாவியைப் பூட்டிலிருந்து உருவக்கூடச் செய்யாமல் அப்படியே நின்றாராம். இவள் திரும்பி வந்துவிட்டாள்.

மறுநாள் எலாதியோ சாக்கோடு வந்தான். இரப்புவாத்தோவில் தகரம் மட்டம், பெரியப்பா மகன் சமையல் அதைவிட மட்டம் என்றான். ஐந்து பேர் ஆற்றுத்தகடு கேட்டிருப்பது தெரிந்ததும், ஆற்றுக்குத் தகடு அகலமாக இருக்கவேண்டும், இந்த அளவு பற்றாது என்று அக்காவுக்கே சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தான். அராபியை அன்றைக்கே 'மச்சான்' என்று கூப்பிட்டுவிட்டான். கல்யாணம் அறுவடை முடிந்து நவம்பரில் நடந்தது. பங்குச்சாமியார் அராபியைச் செபம் சொல்லச் சொல்லிக் கேட்டார். அந்தக் கொப்பளிப்பில் மரியா என்ற பெயர் சரியான இடத்தில் வந்ததால் திருப்திப்பட்டார். நபோர் ஒரு ஆடு அடித்தார். கல்யாணத்தை இங்கேயே சொல்லி முடித்துவிட்டேன், ஏனென்றால் சொல்ல வேண்டியது அதற்கு முன்னால் ஆகஸ்டில் நடந்தது.

காலை நேரம். தூறிக்கொண்டிருந்தது. கசியானா ஓர் ஆற்றுத்தகட்டுக்கு நுரை வைத்துக்கொண்டிருந்தாள். நான் அதன் வாசகத்தோடு போயிருந்தேன். வாசலில் நிழல் விழுந்தது. புரோகுலோ. தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்டியது. ஆற்றுத்தெரு வழியாகத்தான் வந்திருக்க வேண்டும், வேறு வழியில்லை. எலாதியோ எழுந்து முக்காலியைத் துடைத்துப் போட்டான்.

உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டார். எதிரே சுவரில் அராபியின் தகடு தொங்கியது. அதைப் பார்த்தார், இந்தத் தடவை கண்ணை எடுக்கவில்லை.

"நேர்ச்சைத் தகடு யாருக்கெல்லாம் வரைவே?" என்றார். "பொழைச்சு வந்தவங்களுக்கு மட்டுந்தானா?"

"நன்றி சொல்றதுக்கு ஏதாவது இருந்தா போதும்," என்றாள் கசியானா.

"மூணாம் நாள் உடம்பு கெடைச்சுது." தொப்பியின் விளிம்பைத் தடவினார். "அந்த வருஷம் இந்த ஆறு நாலு பேரைக் கொண்டுபோச்சு. மத்த மூணு பேரு கெடைக்கவேயில்ல. எம் பையன் கெடைச்சான். முகம் கெடல. அவங்கம்மா தலையைச் சீவி விட்டா. முத்தம் கொடுத்து அனுப்பி வெச்சா. கல்லறைக்குப் போனா, இங்கதான் இருக்கான்னு தெரியுது. அதுக்கு நான் நன்றி சொல்லவே இல்ல. ஒம்பது வருஷமா சந்தியாகப்பரு கோயில் சாவியை இடுப்புல வெச்சுக்கிட்டு, அவரோட பேசாம இருந்துட்டேன்."

அராபி தொட்டியருகே இரண்டு கையிலும் தண்ணீர் சொட்ட நின்றான்.

"எழுதிக்குங்க தோன் லிப்ராதோ," என்றார். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். ஒரு வார்த்தையைக்கூட நான் மாற்றவில்லை. மகன் பெயர், தேதி, துறை. 'மூன்றாம் நாள் எங்களிடம் திருப்பித் தந்ததற்காக, தகப்பன் புரோகுலோவும் தாய் தொமாசாவும்.' அவ்வளவுதான்.

கசியானா கரித்துண்டைக் கையில் எடுத்தாள். "சந்தியாகப்பரை எங்க வைக்க? ஆத்துலயா?"

"ஆத்துல வேண்டாம். அன்னிக்கு அவரு ஆத்துல இல்ல. நேர்ச்சையில பொய் எழுதக்கூடாது." கொஞ்சம் யோசித்தார். "கரையில வை. என் பக்கத்துல. குதிரையை விட்டு எறங்கி நிக்கட்டும்."

"வாளு?"

"வேண்டாம்."

பிறகு, கேட்காமலே சொன்னார்: "இந்த அராபியோடதை நாளைக்குக் கொண்டாந்து கொடுங்க. மாட்டுறேன். என்னோடது எதிர்ச்சுவத்துல இருக்கட்டும். பக்கத்துல பக்கத்துல வேண்டாம்."

"சரிங்க," என்றான் அராபி.

கசியானா வெறும் தகட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குதிரைமேல் இல்லாத சந்தியாகப்பரை அவளும் வரைந்ததில்லை, அவள் அப்பாவும் வரைந்ததில்லை.

"அன்னிக்கு நீங்க எப்படி நின்னீங்க, தோன் புரோகுலோ?" என்றாள். "மூணாம் நாள். நபோர் தூக்கிட்டு வந்தப்ப."

அவர் எழுந்தார். தொப்பியை முக்காலியில் வைத்துவிட்டு முற்றத்துக்குப் போனார். தூறலில், ஆறு இருக்கும் திசையைப் பார்த்துத் திரும்பி, கால்களைச் சற்று அகற்றி வைத்து, கைகளைத் தொங்கவிட்டு, உள்ளங்கைகள் மட்டும் கொஞ்சம் முன்னால் விரிந்தபடி, எதையோ வாங்கிக்கொள்ளப் போவது போல நின்றார்.

"அப்படியே இருங்க," என்றாள் கசியானா.

அவர் அசையவில்லை. அவள் பாதங்களிலிருந்து வரைய ஆரம்பித்தாள்.